அக்டோபரில் கொடுக்காத அறை

முதல் தடவை போன் வந்தபோது ஹில்ட்ரூட் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ரூமா? எத்தனை பேரு? எந்த வாரம்?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். திராட்சை அறுவடை நெருங்குகிற நேரத்தில் மோசல் ஆற்றங்கரையில் அறை கேட்கிறவர்கள் அதற்குமேல் உபசாரம் எதிர்பார்க்கக் கூடாது.

"ரெண்டு பேருங்க. ஆனா அவளுக்குத் தெரியக் கூடாது," என்றது ஓர் ஆண் குரல்.

ஹில்ட்ரூட் கத்தியைக் கீழே வைத்தாள். "தம்பி, இது மானமா நடத்துற வீடு. அந்த மாதிரி சமாச்சாரத்துக்கெல்லாம் டவுனுக்குப் போங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க! கூட வர்றது வீப்கே. என் வீப்கேதான். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும். அதான் ரகசியம்."

"எத்தனை நாள் பழக்கம்?"

"எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்."

"எட்டு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தைரியம் சேத்துட்டிருந்தேன்."

ஹில்ட்ரூட் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அவள் கட்சி மாறிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் பெயர் ஆன்ஸ்கர், வடக்கே பிரேமன் நகரத்துக்காரன். திராட்சைக் கொடியைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் மலைச்சரிவு முழுக்க இலை மஞ்சளாகிற அந்த ஒரு வார இறுதியில்தான் கேட்க வேண்டும் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிட்டான். வீப்கே குளிக்கப் போகும்போது பால்கனியில் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசுவான். எந்த வழியாக மலையேறினால் ஆறு வளைவது முழுசாகத் தெரியும், எப்போது போனால் மேலே கூட்டம் இருக்காது, மோதிரத்தைக் கோட்டுப் பையில் வைப்பதா சட்டைப் பையில் வைப்பதா என்று எல்லாவற்றுக்கும் ஹில்ட்ரூட்டிடம்தான் யோசனை. அவளும் சளைக்கவில்லை. வெங்காய அடையும் புளித்துக்கொண்டிருக்கிற புது ஒயினும் எப்போது பரிமாற வேண்டும் என்பது வரைக்கும் திட்டம் போட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட அதே நினைப்பு.

"மண்டி போட்டுக் கேக்கணுமா அம்மா? கோமாளி மாதிரி இருக்காதா?" என்று ஒருநாள் கேட்டான்.

"போடுங்க. கட்டாயம் போடுங்க," என்றாள் ஹில்ட்ரூட். "எங்க வீட்டு ஆளு டிராக்டர் டயர்ல சாஞ்சுக்கிட்டு, 'அப்ப உங்கப்பாகிட்ட பேசிடவா'ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள டீசல் ஊத்தப் போயிட்டாரு. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு. நீங்க ஒழுங்கா மண்டி போடுங்க."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவன் கீழறையைக் கேட்கும் வரைக்கும்.

வீட்டுக்கு அடியில், பாறையைக் குடைந்து வளைவாகக் கட்டிய அறை அது. கோடையில் அதற்காக ஜனங்கள் அடித்துக்கொள்வார்கள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆன்ஸ்கரும் அதில்தான் ஒற்றைக் காலில் நின்றான். ஆனால் அக்டோபரில் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒயின் நிலவறை. பிழிந்த சாறு பீப்பாய்களில் புளித்துப் பொங்குகிற மாதம். பொங்கும்போது கரியமில வாயு கக்கும். நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாது. தரையில் தண்ணீர் மாதிரி தேங்கி, ஓசைப்படாமல் முழங்கால், இடுப்பு என்று ஏறும்.

அந்த ஆற்றங்கரையில் அதற்கு ஆள் பறிகொடுக்காத ஊர் கிடையாது. ஹில்ட்ரூட்டின் கணவர் ஏவால்டின் சித்தப்பா ஓர் அக்டோபர் மாதம் பீப்பாய் பார்க்கக் கீழே இறங்கினார். அவரைத் தூக்க ஓடிய பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பி வரவில்லை. இரண்டு சவப்பெட்டிகள் ஒரே நாளில் தேவாலயத்துக்குப் போயின. அதனால் நிலவறைக்கு இறங்கும்போது மெழுகுவத்தியை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு போவதும், சுடர் அணைந்தால் அப்படியே திரும்பி ஏறிவிடுவதும் ஊருக்கே சட்டம். உள்ளே கூடப்பிறந்தவன் விழுந்து கிடந்தாலும் சரி. இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. நடக்கப் பழகுவதுபோல எல்லாருக்கும் அது தானாக வந்துவிடும்.

"அக்டோபர்ல கீழறையா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்றார் ஏவால்ட்.

"எக்ஸாஸ்ட் மாட்டியிருக்கோம்ல? அவ்வளவு பெரிய எக்ஸாஸ்ட். காத்தை இழுத்து வெளிய தள்ளிடுதே."

"அது பீப்பாய்க்கு மாட்டினது. காதல் ஜோடிக்கு மாட்டலை."

"எட்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் வாயைத் திறக்கப் போறான் ஏவால்ட். நீ அதுல மண்ணள்ளிப் போடாத."

ஏவால்ட் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அறுவடை ஆரம்பித்துவிட்டது. செங்குத்தான சரிவில் நாள் முழுக்கக் கூடை சுமந்த மனிதருக்குச் சாயங்காலம் சண்டை போடத் தெம்பு ஏது? "சரி, கேட்டுக்கோ," என்றார். "எக்ஸாஸ்ட் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. தரையில மெழுகுவத்தி எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். எதுக்குன்னு அவங்ககிட்ட வெளிப்படையா சொல்லிடு."

"சொல்றேன், சொல்றேன்."

அந்த வருடம் அக்டோபர் என்றே தோன்றாத வெயில். காலையில் மூடுபனி கலைந்தால் சட்டையைக் கழற்றும்படி காய்ந்தது. சூட்டுக்குச் சாறு தாறுமாறாகப் பொங்கியது. பீப்பாய் வாயில் நுரை தள்ளி வழிந்தது. "இந்த வேகம் எனக்குப் பிடிக்கலை," என்று ஏவால்ட் இரண்டு மூன்று தடவை சொன்னார். வெள்ளிக்கிழமை கீழறையில் படுக்கை விரிக்க இறங்கிய ஹில்ட்ரூட், நிலவறைப் பக்கத்துப் பழைய கதவின் அடியில் பழ ஈக்கள் கும்பலாகச் செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். அது எதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் விருந்தாளி வருகிற அறையில் செத்த ஈயை யார் விட்டு வைப்பார்கள்? பெருக்கி அள்ளிக் கொட்டிவிட்டு, கதவின் இடுக்கில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்தாள்.

சனிக்கிழமை மதியம் வந்து இறங்கினார்கள். குரலை வைத்து அவள் கற்பனை செய்திருந்ததைவிட ஆன்ஸ்கர் ஒல்லி. கண்ணாடி போட்டிருந்தான், காது இரண்டும் சிவந்திருந்தன. அவளை முன்பின் தெரியாதவன் மாதிரி கை குலுக்கினான் பாருங்கள், அதில்தான் அவள் உருகிப் போனாள். வீப்கே நெடுநெடுவென்று உயரம், உரத்த சிரிப்பு. பார்த்தவுடன் பிடித்துப்போகிற பெண்.

கீழறையில் நுழைந்ததும் அவள் சுவரில் காதை வைத்தாள். "உள்ள என்ன, சூப் கொதிக்குதா? கொளகொளன்னு கேக்குதே!"

"ஒயின்மா. புளிச்சுப் பொங்குது," என்றாள் ஹில்ட்ரூட்.

"அய்யோ, அழகு! இந்தப் பக்கம் என்ன உறுமுது?"

"எக்ஸாஸ்ட். அது... காத்தோட்டத்துக்கு."

கட்டிலின் கால்மாட்டில், வெறுந்தரையில், மண் தட்டில் ஒரு தடித்த மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வீப்கே அதைப் பார்த்து இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எங்களுக்காகவா ஏத்தி வெச்சிருக்கீங்க?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வீப்கேயின் தோளுக்குப் பின்னால் ஆன்ஸ்கர் சின்னப் பிள்ளை ஆசையோடு ஹில்ட்ரூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் போய்ச் சாவு, விஷவாயு, இரண்டு பெட்டி என்று எப்படிப் பேசுவது? ஹில்ட்ரூட் விழுங்கிவிட்டாள்.

"அக்டோபர்ல எங்க ஊரு வழக்கம்மா. தரையிலயே இருக்கட்டும். அணைஞ்சுதுன்னா மேல வந்து என்கிட்ட சொல்லுங்க," என்றாள்.

"நல்ல வழக்கமா இருக்கே," என்றாள் வீப்கே.

ஹில்ட்ரூட் படியேறும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுதான் சொல்லியாகிவிட்டதே. தரையில் வைத்த மெழுகுவத்தி அணைந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? பிறந்ததிலிருந்து அந்த ஊரைவிட்டு நகராத அவளுக்கு, அது தெரியாத மனிதர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று நிஜமாகவே தோன்றவில்லை.

இருவரும் மலையேறிவிட்டு நாலு மணிவாக்கில் திரும்பினார்கள். வீப்கே கீழே போனதும் ஆன்ஸ்கர் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன, மேல கேட்டாச்சா?" என்றாள் ஹில்ட்ரூட்.

"எங்கம்மா! மேல போனா ஒரு பள்ளிக்கூடமே வந்து நிக்குது, ஆசிரியர் விசில் ஊதறாரு. இப்பக் கீழறையிலதான் கேக்கப் போறேன்." தயங்கினான். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அந்த மெஷின். பக்கத்துல லாரி நிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு ஏற்கனவே குரல் வராது. அதுக்கு மேல கத்திக் கேக்கணும்னா..."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது என்று ஏவால்ட் சொன்னது காதில் அப்படியே கேட்டது. ஏவால்டோ மலைச்சரிவில். கீழே மெழுகுவத்தி இருக்கிறது. அது காட்டிக்கொடுத்துவிடும்.

"அரை மணி நேரம்," என்றாள். "போங்க, போய்க் கேளுங்க. மண்டி போட மறந்துடாதீங்க."

திராட்சை பிழிகிற ஆலைக் கொட்டகையின் மூலையில், சாக்குகளுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து அவளே சுவிட்சைத் தட்டினாள். உறுமல் இறங்கி, இழுத்து, நின்றது. வீடு முழுக்க அமைதி பரவியது. அதுவரை மேலே கேட்காத பீப்பாய்களின் கொளகொளப்பு இப்போது தரைக்கு அடியிலிருந்து தெளிவாகக் கேட்டது.

அவள் முற்றத்துக்குத் திரும்புவதற்கும் பெல்ஜியத்துச் சுற்றுலாக்காரர்களின் பஸ் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. புது ஒயின் கேட்டு ஒரு மேஜை, வெங்காய அடை கேட்டு இன்னொரு மேஜை, கழிப்பறை எங்கே என்று ஒரு கூட்டம். பம்பரமாகச் சுற்றினாள். நடுவில் ஒரு தடவை கீழிருந்து வீப்கேயின் சிரிப்பு உரக்க எழுந்து வந்தது. கேட்டுட்டான்! தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத பெல்ஜியத்துக் கிழவர் ஒருவரிடம், "கீழ ஒரு கல்யாணம் நிச்சயமாயிருக்கு," என்று சொல்லவும் சொன்னாள்.

சிரிப்பு அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது இயல்புதானே என்று நினைத்தாள்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு அரிப்பு. முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், தரையோடு தரையாக, கீழறையின் கம்பி போட்ட ஜன்னல் தெரியும். மலை நிழல் முற்றத்தில் விழுந்துவிட்டதால் உள்ளே இருந்த வெளிச்சம் இங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது. மெழுகுவத்திச் சுடர், ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு என்ன? எக்ஸாஸ்டைப் போட்டு அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அடுத்த மேஜைக்குப் போனாள்.

ஏழெட்டு கிளாஸ் அடுக்கிய தட்டோடு திரும்பி வரும்போது மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். அதே சுடர். வத்தியின் உடம்புகூடத் தெரிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழறையின் தரை தெரியாது. வளைவுக் கூரையும், உயரமான மேஜையின் மேல்பாகமும்தான் தெரியும். அவள் மெழுகுவத்தியை வைத்தது தரையில். எரிவது மேஜைமேல்.

தட்டு எப்போது கையைவிட்டுப் போனதென்று தெரியாது. கண்ணாடி உடையும் சத்தத்துக்குள் அவள் படிக்கதவை அடைந்துவிட்டாள். கதவைத் திறந்து, "வீப்கே! தம்பி!" என்று கத்தினாள். படிகள் கீழே இருட்டுக்குள் இறங்கின. பதில் இல்லை. கொளகொளவென்று பொங்குகிற சத்தம் மட்டும் வந்தது. காலை முதல் படியில் வைத்தவளைப் பின்னாலிருந்து ஒரு கை இடுப்போடு சேர்த்துத் தூக்கியது. அவள் கத்தியதைக் கேட்டு, டிராக்டரைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்த ஏவால்ட்.

"இறங்காத."

"விடு! உள்ள இருக்காங்க, விடு என்னை!"

"இறங்காதன்னேன்!" அவளைச் சுவரோடு அழுத்தினார். "நீயும் போனா மூணாவது பெட்டி. தெரியாதா உனக்கு? தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. அவரைப் பிராண்டினாள், கடித்தாள், ஆனால் அவர் சொல்வது சரி என்று உடம்பு முழுக்கத் தெரிந்திருந்தது. ஏவால்ட் கொட்டகைக்கு ஓடி சுவிட்சைத் தட்டினார். உறுமல் மறுபடி எழுந்தது. நிலவறைக் கதவு, ஆலைக் கதவு எல்லாவற்றையும் உதைத்துத் திறந்தார். யாரோ தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டார்கள். பெல்ஜியத்துக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். படியின் நடுவில், இருட்டு தொடங்குகிற இடத்தில், வீப்கேயின் கை தெரிந்தது. ஏறி வரப் பார்த்து விழுந்திருக்கிறாள். ஏவால்ட் மூச்சை அடக்கிக்கொண்டு நாலு படி இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டார். அவளுக்கு மூச்சு இருந்தது.

ஆன்ஸ்கர் உள்ளே, மேஜைக்குக் கீழே கிடந்தான். காலணியின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அந்தத் தூரத்துக்கு ஏவால்டின் மூச்சு போதாது. அவர் போகவும் இல்லை. மூச்சுக் கருவியோடு ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வரும்வரை ஹில்ட்ரூட் அந்தக் காலணியையே பார்த்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று வாய் முணுமுணுத்தது.

அவனை முற்றத்தில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். வெகுநேரம் அழுத்தினார்கள். பிறகு தீயணைப்புத் தலைவர் கிளெமென்ஸ் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏவால்டோடு ஒன்றாகப் படித்தவர். இருவரும் கொட்டகை ஓரமாகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"எக்ஸாஸ்ட் நின்னிருந்துதா?"

"காலையில நான் போறப்ப ஓடிட்டுத்தான் இருந்தது," என்றார் ஏவால்ட். "இவங்கதான் நிறுத்தியிருக்கணும்."

"வடக்கத்திக்காரங்க. சத்தம் தாங்காது. போன வருஷம் எங்க வீட்டுல கோயில் மணியவே நிறுத்தச் சொன்னாங்க. மெழுகுவத்தியையும் எடுத்து மேல வெச்சிருக்காங்க பாரு. என்னத்தைச் சொல்ல!"

ஹில்ட்ரூட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் வாயைத் திறக்கவே தேவையில்லை. ஊரே அவளுக்காகப் பதில் சொல்லிவிடும். சும்மா இருந்தால் போதும்.

ஆலைக் கல்மேல் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்த வீப்கே, முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கினாள். முற்றத்தின் அந்தப் பக்கம் ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றதால் அவன் போய்விட்டது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். குரல் கரகரத்தது. "அந்த மெஷினை எங்க நிறுத்துறதுன்னே அவனுக்குத் தெரியாது. இந்த அம்மாதான் நிறுத்திக் கொடுத்தாங்களாம். கீழ வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். மெழுகுவத்தியை நான்தான் மேல வெச்சேன். கீழ வெச்சா அணைஞ்சு அணைஞ்சு போச்சு."

ஏவால்ட் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வீப்கே ஹில்ட்ரூட்டின் கையைத் தேடிப் பிடித்தாள். "நான் உயரமான நாற்காலியில உக்காந்திருந்தேன். மண்டி போட்டான். போட்டவுடனே ஒரு மாதிரி ஆடினான், அப்படியே சாஞ்சான். கோமாளித்தனம் பண்றான்னு நெனச்சு நான் சிரிச்சுட்டேன் அம்மா. அப்பறம் சரின்னு சொன்னேன். சரி, சரி, எழுந்திருன்னு சொன்னேன். அது அவன் காதுல விழுந்திருக்கும்ல?"

ஒரு மாதமாக அவன் கேட்டதற்கெல்லாம் ஹில்ட்ரூட்டிடம் பதில் இருந்தது. ஏவால்ட் பார்க்கிறார், கிளெமென்ஸ் பார்க்கிறார். அந்தக் கை அவள் கைக்குள் சில்லிட்டுக் கிடந்தது.

"நான்தான்மா நிறுத்தினேன்," என்றாள் ஹில்ட்ரூட்.

"தெரியுமே, சொன்னான்," என்றாள் வீப்கே. "ரொம்ப நன்றிம்மா."